கீழாநெல்லி இனிமே வேணாம்

மா,

நைட் ஷிப்ட் முடிச்சு தூங்குற, அதான் எழுப்பல. கேன்சர் வந்த காலேஜ் பசங்க ஆஸ்பத்திரியில உக்காந்து பேசுற கூட்டத்துக்குப் போறேன். பக்கத்து வீட்டு சரண் அண்ணன் வண்டியில கூட்டிகினு போவுது. மாஸ்க் போட்டுகினேன்.

மத்தியானம் வேப்பம்பட்டுலேந்து வடிவு அத்தை வரும். எனக்கு மஞ்சக்காமாலைன்னு நீ சொன்னத நம்பி வாராவாரம் உப்பில்லாம பத்தியமா சமைச்சு, கீழாநெல்லியும் அரைச்சு எடுத்துகினு வருதே, அந்தக் கீழாநெல்லிய நான் ஒரு சொட்டு குடிச்சதில்ல. டாக்டரக் கேக்காம எதையும் குடிக்கக்கூடாதுன்னு நர்ஸக்கா சொல்லிகீறாங்க. எல்லாம் துளசிச் செடிக்குத்தான் ஊத்தினேன். துளசிக்குக் காமாலை இருந்திருந்தா இந்நேரம் குணமாயிருக்கும்.

மொட்டையப் பார்த்து கேட்டதுக்கு திருத்தணியில முடி குடுத்தோம்னு வேற சொல்லி வெச்சிருக்க. பஞ்சாமிர்தம் எங்கன்னு அத்தை என்னைக் கேக்குது. நான் எங்க போவேன்?

அதனால நேத்து போன் போட்டு கேன்சர்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் அழுதுச்சு. அப்புறம், "அப்போ உப்பு போட்டு சமைக்கலாமாடி"ன்னு கேட்டுச்சு. மீன் குழம்பு கொண்டாருது. நீ சோறு மட்டும் வடி.

கோவப்படாத. போன வாரம் டாக்டர் ரூமுக்கு வெளிய என்னை உக்கார வெச்சிட்டு நீயும் அப்பாவும் உள்ள பேசினீங்க இல்ல, அதுக்கு இது சரியாப்போச்சு.

மோனிஷா

இன்னொண்ணு: அடுத்த தடவை நான் உள்ள போறேன், நீ வெளிய உக்காரு. முடி எப்ப வரும், காலேஜுக்கு எப்ப போலாம், பின்னாடி எனக்குக் கொழந்த பொறக்குமான்னு நானே கேக்கணும். வெளிய வந்து ஒண்ணு விடாம உன்கிட்ட சொல்வேன். திருத்தணிக் கதையெல்லாம் விட மாட்டேன்.