ஒரே ரோலருக்கு இரண்டு சம்பளம்

அனுப்புநர்:
தொழிலாளி எண் 214,
இஸ்திரிப் பிரிவு, நீராவிச் சலவை ஆலை
(திங்கட்கிழமை முதல் உள்ளே விடப்படாதவர்).

பெறுநர்:
தொழிலாளர் நல ஆணையர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: ஒரே வேலைக்கு எனக்கும் என் தம்பிக்கும் வெவ்வேறு ஊதியம் வழங்குவது, அதுபற்றிப் பொருளாதார ஆய்வாளர் ஒருவரிடம் பேசியதற்காக இருவரையும் வாயிலில் தடுத்து நிறுத்தியது குறித்து, வெள்ளிக்கிழமை விசாரணைக்கு முன்பே ஆலையை நேரில் பார்வையிட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நேற்று தங்கள் அலுவலகத்துக்கு வந்து வாய்மொழியாக முறையிட்டேன். "எல்லாத்தையும் எழுதிக் குடுங்கம்மா, வெள்ளிக்கிழமை விசாரிப்பாங்க" என்று எழுத்தர் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

2. மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் ஆலையில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதல் ஒன்றரை ஆண்டு மடிப்பு மேசை. அதன்பின் ரோலர். ரோலர் என்பது நீராவியால் சூடேறிச் சுழலும் இரும்பு உருளை. ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் உலர்ந்து தேய்ந்து வரும். கொடுக்கும்போது விரல் ஓர் அங்குலம் கூடுதலாக உள்ளே போனால், கை போய்விடும்.

3. தம்பியும் நானும் இரட்டைப் பிள்ளைகள். அவன் என்னைவிடப் பதினொரு நிமிடம் இளையவன். அந்தப் பதினொரு நிமிடத்துக்காக இன்றுவரை என்னை அக்கா என்றே கூப்பிடுகிறான். ஒரே பள்ளியில் படித்தோம், ஒரே ஆண்டில் படிப்பை நிறுத்தினோம். எனக்கு இரண்டு ஆண்டு பிந்தி அவன் ஆலையில் சேர்ந்தான். ரோலர் ஓட்ட அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். இப்போது அதே ரோலரில் ஒரு வாரம் அவன் காலை, நான் மாலை, மறுவாரம் மாற்றி. ஆனால் அவன் அட்டையில் ஆபரேட்டர் என்றும் என் அட்டையில் ஹெல்பர் என்றும் இருக்கிறது. அவன் சம்பளத்தில் முக்கால் பங்குதான் எனக்கு. இத்தனை காலம் நான் இதைக் கேட்கவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எப்படியும் ஒரே வீட்டுக்குத்தானே வருகிறது என்று இருந்துவிட்டேன்.

4. ஆறு மாதத்துக்கு முன், நிர்வாகத்தின் அனுமதியோடு பொருளாதார ஆய்வாளர் ஒருவர் வந்தார். மூன்று வாரம் ரோலருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மணிக்கு எத்தனை விரிப்பு, எத்தனை கறை, எத்தனை கிழிசல் என்று எண்ணினார். எதற்கு இவ்வளவும் என்று கேட்டேன். "ஒருத்தருக்கு ஏன் கூட, இன்னொருத்தருக்கு ஏன் கம்மின்னு தெரியணும்னா, படிப்பு, அனுபவம், வேலை நேரம், வேலையில இருக்கற ஆபத்து, இதெல்லாம் ஒரே மாதிரி இருக்கறவங்களா பார்த்து ஒப்பிடணும். அப்பவும் ஒரு வித்தியாசம் மிச்சமிருந்தா, அது ஏன்னு கேக்கணும். உங்க ரெண்டு பேர் மாதிரி தேடினாலும் கிடைக்க மாட்டாங்க" என்றார். போகிற அன்று இதையும் சொன்னார்: "மிச்சம் மொத்தமும் அநியாயம்னு நான் எழுத மாட்டேன். நாங்க அளக்காம விட்டது ஏதாவது அதுல இருக்கலாம்." மழுப்பாமல் பேசுகிறாரே என்று மதிப்பு கூடியது. அந்த வார்த்தையே பின்னால் எனக்கு எதிராகத் திரும்பும் என்று அப்போது தெரியாது.

5. அவர் எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் எங்கள் பெயர் இல்லை. ஆனால் 'ஒரே இயந்திரத்தை இயக்கும் இரட்டையர்' என்று ஒரு வரி இருந்தது. ஆலையில் இரட்டையர் நாங்கள் மட்டும்தான். சென்ற வெள்ளிக்கிழமை மேலாளர் எங்கள் இருவரையும் தம் அறைக்கு அழைத்தார். அந்த வரியின் மேல் மஞ்சள் மை பூசியிருந்தது. "அளக்காம விட்டது இருக்குன்னு அவங்களே எழுதியிருக்காங்க பாரு. அதுதான் இவனோட உடம்பு பலம்" என்று சொல்லி, தம்பியிடம் ஒரு தாளை நீட்டினார். பாரம் தூக்குவதும் ரோலரின் பெல்ட் மாற்றுவதும் தான் ஒருவனே என்று தம்பி எழுதிக் கொடுப்பதாக அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் சூப்பர்வைசர் பதவி, இல்லாவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம். யோசிக்கப் பத்து நிமிடம்.

6. தம்பி மனைவிக்கு இது எட்டாம் மாதம். ஆகவே அவன் கையெழுத்துப் போடுவான் என்றுதான் நினைத்தேன். போட்டால் வருத்தப்படக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனா கேட்டான். பெல்ட் பற்றிய வரியை அடித்துவிட்டு அதன் மேலே, 'பெல்ட் மாற்ற எனக்குச் சொல்லிக்கொடுத்தது அக்கா. இப்போதும் மாற்றுகிறார். பாரம் இருவரும் தூக்குகிறோம்' என்று எழுதிக் கையெழுத்திட்டான். மேலாளர் அந்தத் தாளை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகு என்னிடம், "உனக்குச் சமமாத்தானே வேணும்? அவன் சம்பளத்த உன் அளவுக்கு இறக்கிட்டா ரெண்டு பேரும் சமம். எப்படி வசதி?" என்றார். திங்கட்கிழமை காலை காவலாளி எங்களை வாயிலிலேயே நிறுத்திவிட்டார்.

7. அன்று மாலை ஆய்வாளர் வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "பேர் போடலைன்னா போதும்னு நினைச்சுட்டேன். தப்பு என்னோடது" என்றார். தம்பி மனைவி அவரை ஒன்றும் கேட்கவில்லை; என்னைக் கேட்டாள்: "உங்க ரெண்டு பேரோட வேலையையும் எண்ணியாச்சு அண்ணி. இந்த மாசம் ஆஸ்பத்திரிக்கு எத வச்சுப் போறது?" விசாரணை எப்போது நடந்தாலும் தாம் எண்ணிய கணக்குத் தாள்களோடு வருவதாக ஆய்வாளர் உறுதி கூறியிருக்கிறார்.

8. வெள்ளிவரை காத்திருக்க முடியாத காரணம் ஒன்று உண்டு. மடிப்பு மேசையில் சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண்ணை எந்தப் பயிற்சியும் இல்லாமல் ரோலரில் நிறுத்தியிருக்கிறார்கள். நேற்று வாயிலில் அவளைப் பார்த்தேன். வலது கை விரல் இரண்டில் துணி சுற்றியிருந்தாள். "லேசா சுட்டுடுச்சுக்கா, ஒண்ணுமில்ல" என்றாள். அவள் அட்டையிலும் ஹெல்பர் என்றே இருக்கிறது. அவளுக்கு என் சம்பளம்கூட இல்லை.

9. ஆகவே தாங்கள் நாளையே முன்னறிவிப்பின்றி ஆலைக்கு வந்து, முதலில் அந்தப் பெண்ணை ரோலரிலிருந்து விலக்க வேண்டும். மேலாளர் பூட்டி வைத்த தாளை வரவழைக்க வேண்டும். பிறகு என்னையும் தம்பியையும் தங்கள் கண் முன்னால் அதே ரோலரில் ஆளுக்கு ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். விரிப்பை எண்ணுங்கள், பாரம் தூக்கச் சொல்லுங்கள், பெல்ட்டைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். எதை அளக்காமல் விட்டார்களோ அதைத் தாங்களே அளந்து பாருங்கள். அதில் நான் குறைந்தவள் என்று தெரிந்தால், ஹெல்பர் என்ற அட்டையோடு வாய் திறக்காமல் வேலைக்குத் திரும்புவேன்.

10. குறையவில்லை என்றால் என்னைத் தம்பியின் சம்பளத்துக்கு ஏற்றுங்கள் ஐயா. அவனை என் சம்பளத்துக்கு இறக்கிவிடாதீர்கள்.

தங்கள் வருகையை எதிர்பார்த்து,
தொழிலாளி எண் 214
(கையொப்பம்)

நாள்: புதன்கிழமை, காலை
இடம்: ஆலை வாயில்