சுனைக்கல்லுக்கு வைத்த தீ

கொல்லிமலை, பைல் நாடு
தாது வருஷம், பங்குனி மாதம்

அன்பு மகன் சின்னராசுவுக்கு அப்பன் எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் தங்கை அம்சவேணியும் சாமி புண்ணியத்தில் இருக்கிறோம், திருச்சியில் வாத்தியார் படிப்போடு உடம்பையும் பார்த்துக்கொள்கிறாயா என்று எழுது. சாமை பரவாயில்லை, மிளகு இந்த முறையும் ஏமாற்றிவிட்டது, எனக்கு முதுகுவலி விட்டபாடில்லை.

தைக்கு வந்திருந்தபோது காட்டில் என்னிடம் ஒன்று சொன்னாய், சூடு பட்டால் இரும்பு மட்டுமல்ல கல்லும் விரியும், அந்தச் சூட்டிலேயே தண்ணீர் விட்டால் மேல்புறம் வெடுக்கென்று சுருங்கிப் பிளந்துபோகும், பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று. நம் சுனையின் வாய்க்கல் குடம் மொள்ள விடாமல் இடிக்கிறதே, அதைப் பிளக்கலாமே என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. கோயிலில் பூ வைத்து வாக்குக் கேட்டேன், வலப்பக்கப் பூ விழுந்தது, சாமிக்குச் சம்மதம், ஊரும் சரி என்றது. கல்லின்மேல் விறகை அடுக்கிப் பகல் முழுக்க எரித்துத் தண்ணீர் ஊற்றினோம், நீ சொன்னபடியே வெடிச்சத்தம் போட்டுப் பிளந்தது, பெண்கள் குலவை போட்டார்கள். விடிந்து பார்த்தால் சுனையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பிளவு அடிப்பாறைவரை இறங்கி, ஊறுவதெல்லாம் உள்ளே போய்விடுகிறது. களிமண் அடைத்தும் நிற்கவில்லை. இப்போது எல்லோரும் கீழே ஓடைக்குத்தான் இறங்கி ஏறுகிறார்கள், உன் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஊர்க்கூட்டத்தில் பக்கத்துக் காட்டுக் காத்தான் எழுந்து, சாமி வாக்குக் குடுத்தும் தண்ணி போச்சுன்னா கேட்டவன் கை சுத்தமில்லீங்க, இந்த ரோசனைய உங்களுக்கு ஆரு சொன்னதுங்க என்றான். ஆரும் சொல்லலீங்க, என் மண்டையில உதிச்சதுதானுங்க என்று சொல்லிவிட்டேன். இனி என் ஆயுசுக்கும் பூ வாக்குக் கேட்கக் கோயில் படி ஏறக்கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. போகட்டும். படிப்பை முடித்து இங்கே பள்ளிக்கூடம் வைக்க வரப்போகிறவன் நீ, சுனையை வற்ற அடித்தது அந்தப் படிப்புதான் என்று தெரிந்தால் ஒரு பிள்ளையை அனுப்புவார்களா? நீ படித்ததில் பிழையில்லை கண்ணு, பிளவு எங்கே போய் நிற்கும் என்று நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

சித்திரை லீவுக்கு வா, அம்மா வழி பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெயிலுக்கு முன்னே அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலை ஏறிவிடு. அறப்பளீஸ்வரர் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். ஒன்று மட்டும் மறக்காதே, சுனையைத் தாண்டும்போது நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்துவிடு. பொய் சொல்லத் தெரியாத முகம் உனக்கு, காத்தான் கண்டுபிடித்துவிடுவான்.

இப்படிக்கு,
உன் அப்பன்
கருப்பண்ணன்