பெயருக்குரியவர் நேரில் வரவும்

ஸ்கந்தபுரம்
03.12.2024

இஞ்சேருங்கோ,

நானும் மகள் யதுர்ஷிகாவும் நல்ல சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல். தொலைபேசியில் கதைத்தால் ஆளுக்காள் கத்திப்போட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுத் தபாலில் வவுனியாப் புடைவைக்கடை ஒன்றின் பொங்கல் விலைக்கழிவு அட்டை வந்தது. பொங்கல் பானைக்குக் கீழே பெரிய எழுத்தில், ‘அன்புள்ள சிவராசா, உங்களுக்காக ஒரு சேலை காத்திருக்கிறது’ என்று இருக்கிறது. "அப்பாவுக்குச் சாறியோ அம்மா?" என்று யதுர்ஷிகா விழுந்து விழுந்து சிரித்தாள். பின்பக்கத்தில் நீங்கள் வேலை செய்யும் அச்சகத்தின் பெயர்.

மூன்று வருடமாக இந்த வீட்டில் இல்லாத ஆளுக்கு இங்கே எதற்கு அட்டை? என்னைச் சீண்டவா அனுப்பினீர்கள்?

சுதாஜினி

*

வவுனியா
09.12.2024

அன்பான சுதா,

சீண்டவில்லை. எல்லாம் கம்ப்யூட்டர் செய்த கூத்து. கடைக்காரர் தன் வாடிக்கையாளர்களின் பெயர்களையும் விலாசங்களையும் தருவார். படமும் வாசகமும் ஒன்றுதான். பெயர் மட்டும் அட்டைக்கு அட்டை தானாக மாறி விழும். அது முதற்சொல்லையே ஆளின் பெயராக எடுத்துக்கொள்ளும். நாங்களோ தகப்பன் பெயரையும் புருசன் பெயரையும் முன்னால் எழுதுகிற சனம். பெண்களுக்குப் போகவேண்டிய அட்டையெல்லாம் தகப்பன்மாருக்கும் புருசன்மாருக்கும் போய்விட்டது. முதலாளி என்னைத் தின்னாத குறை.

உன் கடிதம் கண்டபிறகுதான் தேடிப் பார்த்தேன். ‘சிவராசா சுதாஜினி’ என்று இருந்தது. வவுனியாவுக்கு வந்தும் என்னை எட்டிப் பார்க்காமல் போயிருக்கிறாய். அது மனவருத்தம்தான். ஆனால் கலியாணம் கட்டின நாள்தொட்டு என் பெயரை நீ வாயால் சொன்னதே இல்லை. சங்கக்கடையில் பெயர் கேட்டாலும் என்னைப் பார்த்துச் சிரிப்பாய், நான்தான் சொல்வேன். இந்தக் கடையில் நீயே சொல்லியிருக்கிறாய். நம் கலியாண அட்டையை நானே அடித்ததும், உன் பெயரை என்னுடையதைவிடப் பெரிதாகப் போட்டதற்கு உன் மாமா ஏசியதும் நினைவு வந்து, கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தேன்.

நீ வயலை விட்டு வரமாட்டாய், நான் வேலையை விடமாட்டேன். அது அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் சனி ஞாயிறாவது வீட்டுக்கு வர ஆசை. "ஏன் வந்தனீங்கள்?" என்று நீ வாசலில் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் பயம்.

அந்த அட்டையைக் கிழித்துப் போடு. உன் பெயரில் சரியானது வரும்.

அன்புடன்
சிவராசா

*

ஸ்கந்தபுரம்
18.12.2024

இஞ்சேருங்கோ,

புது அட்டை வந்தது. அதை யதுர்ஷிகா எடுத்துக்கொண்டாள். பழையதை நான் கிழிக்கவில்லை. அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறேன்.

அவளுக்குச் சட்டை எடுக்கத்தான் அந்தக் கடைக்கு வந்தோம். காசு கட்டும் இடத்தில் நின்ற பிள்ளை, "அக்கா, முழுப்பெயர் சொல்லுங்கோ" என்றாள். பின்னால் சனம் நிற்கிறது. பக்கத்தில் நீங்கள் இல்லை. வாய் கூசிப்போய்த்தான் சொன்னேன். வெளியே வந்து அழுதேன். அந்த முகத்தோடு உங்களிடம் எப்படி வருவது?

பழைய அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதை இப்போதுதான் வாசித்தேன். ‘பெயருக்குரியவர் நேரில் வரவும்.’ நான் கொண்டுபோனால் சேலைக்குக் கழிவு தரமாட்டார்கள். தபாலில் அனுப்பவும் மாட்டேன். வந்து எடுத்துக்கொண்டு போங்கள். ஆராவது ஏன் வந்தாய் என்று கேட்டால், "அட்டை எடுக்க வந்தனான்" என்று சொல்லுங்கள். நான் கேட்கமாட்டேன்.

இரணைமடுக் குளம் நிரம்பிக் கிடக்கிறது. சனிக்கிழமை மீன் வாங்குவேன்.

இப்படிக்கு
சிவராசா சுதாஜினி