ஆஸ்டின் காருக்குப் புதுக் கண்ணாடி

காஜா பேராங், மலாக்கா
12.3.1958

அன்பு மகள் சீதாவுக்கு அப்பா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நாகப்பட்டினத்தில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருப்பதாக உன் கடிதம் பார்த்து மனம் ஆறியது. பார்த்து என்றா எழுதினேன், அம்மா படிக்கக் கேட்டு. என் எழுத்து பெரிது பெரிதாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும், பொறுத்துக்கொள். இந்த ஒரு கடிதத்துக்கே நாலு நாள் ஆகிறது. சொல்லுங்கள் நான் எழுதுகிறேன் என்று உன் அம்மா கேட்டாள், இதை நான்தான் எழுதவேண்டும் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். சித்திரையில் நீ கப்பலில் வந்து கிள்ளானில் இறங்கும்போது நானே கார் ஓட்டிவந்து உன்னைக் கூட்டிப்போவேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அது இனி நடக்காதம்மா. ஏன் என்று சொல்கிறேன், பதறாமல் முழுக்கப் படி.

போன வருஷம் மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த வாரம், ஜவுளிக்கடை அப்துல் ஹமீது பாயைச் சவாரி ஏற்றிக்கொண்டு புக்கிட் ரம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன கல் லோரியிலிருந்து ஒரு சல்லி தெறித்து நம் ஆஸ்டின் காரின் முன்கண்ணாடியில் பட்டது. பச்சைப்பயறு அளவுக்கு ஒரு பொத்தல், அதிலிருந்து மயிரிழை போல ஒரு கீறல், அவ்வளவுதான். புக்கிட் பாருவில் பட்டறை வைத்திருக்கிறாரே கருணாகரன், அவரிடம் காட்டினேன். அரக்கு வைத்து அடைத்துவிடலாம், தழும்பு தெரியும் ஆனால் காரியம் கெடாது, புதுக் கண்ணாடி வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும், வீண் செலவு என்றார். சரி அடையும் என்றேன். அடைத்தார். ஆனால் ரோட்டில் போகும்போது எதிரே ஏதோ அழுக்கு அப்பினாற்போலவே இருந்தது, வாரத்துக்கு வாரம் அது பெரிதாயிற்று. காரைவிட்டு இறங்கினாலும் அந்த அழுக்கு கூடவே வந்தது. நாள்பூராவும் அந்தப் பொத்தலையே பார்த்துக்கொண்டு ஓட்டினால் கண்ணில் ஒட்டிக்கொள்ளாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் ஹமீது பாய் கடைக்கு வெளியே நின்று கையைத் தூக்கியிருக்கிறார், இருபது வருஷச் சிநேகிதர், நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன். மறுநாள் வந்து என்ன அப்பாசாமி நம்மமேல கோபமா என்று கேட்டார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நேரே பட்டறைக்குப் போய்க் கருணாகரனைக் கண்டபடி பேசினேன். அண்ணே, பொத்தல் கீழே மூலையில இருக்கு, அது எப்படிண்ணே முழு ஆளை மறைக்கும் என்று அவர் பொறுமையாகத்தான் கேட்டார். ஓட்டுகிறவன் நானா நீயா, கண்ணாடியை மாற்று என்று கத்திவிட்டு வந்தேன். பாவம், மனுஷன் அன்றைக்கே சிங்கப்பூருக்கு எழுதிப்போட்டார். இன்னும் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கவில்லை, போகவேண்டும்.

தை பிறந்ததும் புதுக் கண்ணாடி வந்தது. போட்ட மறுநாள் காலைச் சவாரி முடித்துவந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். கேட் ஓரம் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி தண்ணீர் மாதிரி இருக்கிறது, கேட் தெரிகிறது, செம்பருத்திச் செடி தெரிகிறது, புடவைக் கரை தெரிகிறது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் அதே அழுக்கு. எங்கேம்மா போகணும் என்று மரியாதையாகக் கேட்டேன். அந்த அம்மாளும் குரலை மாற்றிக்கொண்டு, பண்டார் ஹிலிர் வரைக்கும் போகணுங்க, சீக்கிரம் விடுங்க என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் உன் அம்மா என்று தெரிந்தது. முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவள், சீதா. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். ஸ்டியரிங்கில் தலையை வைத்து நான் அழுதேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். புரை என்றால் அறுத்து எடுத்துவிடலாம், இது கண்ணுக்கு உள்ளே நடுப்பாகம் தேய்ந்துபோனது, சுற்றிலும் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது, போனது போனதுதான் என்றார். அடைப்பதா மாற்றுவதா என்று மாதக்கணக்காக யோசித்தவனுக்கு அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. கார் இப்போது உன் சித்தப்பா மகன் ஜெயபாலனிடம் இருக்கிறது. எனக்கு வண்டி போனதுகூடப் பெரிதில்லை, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அத்தனை மாதம் கான்வென்ட் பிள்ளைகளை ஏற்றிப் போனேனே, அதை நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். உன் அம்மா வெளியே தைரியமாக இருக்கிறாள். ஆனால் இப்போதெல்லாம் என் பக்கத்தில் வரும்போது நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டே வருகிறாள்.

பேத்தி போட்டோ வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தால் கவுன் தெரிகிறது, கையிலிருக்கும் பொம்மை தெரிகிறது. முகத்துக்குப் போனால் முகம் இல்லை. உன் அம்மா அப்படியே உங்கள் சாயல் என்கிறாள், எனக்காகச் சொல்கிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது. யார் சாயல் என்று நீ உள்ளபடி எழுது. மாப்பிள்ளைக்கு இதைப் பக்குவமாகச் சொல். கப்பலில் குழந்தைக்குக் காய்ச்சிய தண்ணீர்தான் கொடுக்கவேண்டும்.

நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக, கண் நிறைந்து வாழவேண்டும் என்று தினமும் அம்மனிடம் கேட்கிறேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. கிள்ளானுக்கு ஜெயபாலன் ஓட்டிவருவான், நானும் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். நீ கப்பலைவிட்டு இறங்கும்போது நான் உன்னையே பார்த்துக்கொண்டு சும்மா நிற்பேன், ஆறு வருஷத்தில் அப்பா நம்மை மறந்துவிட்டார் என்று நினைத்துவிடாதே. யார் பார்த்தாலும் வெட்கப்படாமல் அப்பா என்று சத்தமாகக் கூப்பிடு. நான் வந்துவிடுவேன்.

உன் அப்பா
மு. அப்பாசாமி