பெயர் போடாத இசைத்தட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். அங்கே நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே இவருக்கு முட்டிவலி தேவலை. சின்னவளுக்குப் பல்லில் கம்பி போட்டிருக்கிறோம். வாயைத் திறக்க மறுக்கிறாள், வீடு நிம்மதியாக இருக்கிறது. எனக்குத்தான் நேற்றிலிருந்து தூக்கமில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆலையில் என் வேலை உனக்குத் தெரியும். முதலில் வரும் மாதிரி இசைத்தட்டைக் கேட்டு, பிசகு இல்லையென்று நான் கையெழுத்துப் போட்டால்தான் மற்ற தட்டுகள் அச்சாகும். சில ஆர்டர்கள், தட்டின் நடுவில் பெயர் போடாமல் வெறும் வெள்ளைத் தாள் ஒட்டச் சொல்லி வரும். கிடைக்காத பழைய மின்னிசைக்கு அலைகிறவர்களுக்காக யாரோ திருட்டுத்தனமாக அடிப்பவை. இது எல்லோருக்கும் தெரியும். முதலாளிக்கு மட்டும் தெரியாது, பாவம்.

நேற்று அப்படி ஒன்று வந்தது, முந்நூறு தட்டுக்கான ஆர்டர். முள்ளை வைத்ததும் தூக்கிவாரிப்போட்டது. உன் இசை, அண்ணா. நம் முன்னறையில் அந்தப் பெட்டிகளையும் ஒயர்களையும் பரப்பிவைத்து நீ செய்தது. ஐம்பது தட்டு போட்டு, விற்கவில்லையென்று அன்று அதை வெளியிட்ட கம்பெனிக்காரன் மூட்டை கட்டிவிட்டான். உரிமையை மட்டும் இன்றுவரை பிடித்துவைத்திருக்கிறான்.

அதைவிடப் பெரிய அடி பக்கத்தின் முடிவில் விழுந்தது. இசை நின்ற பிறகும் முள் நகராமல் ஒரே வட்டத்தில் சுற்றியது. அதில் அம்மா.

"எத்தனை தடவைடா கூப்பிடறது."

சமையலறையிலிருந்து கூப்பிட்டது உன் மைக்கில் விழுந்து, அம்மா பாட்டையே கெடுத்துவிட்டாள் என்று மூன்று நாள் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டாயே, அதே குரல். அந்த ஐம்பது தட்டில் அது இல்லை. வெட்டியெறிந்துவிட்டதாகச் சொன்னாய். அம்மா போன பிறகு, அவள் குரல் எதிலாவது இருக்கிறதா என்று போனில் உன்னிடம் அழுதேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்றாய். பதினொரு வருடம் அதை நம்பினேன்.

மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்தார். "முள்ளு மாட்டிக்கிச்சும்மா. பிசகுன்னு எழுதித் தள்ளிடு" என்றார். அது பிசகு இல்லை. அவள் வாக்கியம் முழுதாக அடங்கும்படி அளந்து வெட்டிய வட்டம். வேறு எவனாவது திருடியிருந்தால் உன் இசையைத்தான் திருடியிருப்பான். அம்மாவைக் கொண்டுபோய்க் கடைசி வட்டத்தில் உட்காரவைத்திருக்க மாட்டான். அப்படியென்றால் உன் பாட்டை நீயே திருடி அடிக்கிறாய். இங்கேதான் நான் கேட்பேன் என்று தெரிந்தே அனுப்பினாயா? ஒரு கடிதம் போட உனக்கு அவ்வளவு கஷ்டமா?

எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் பிசகு என்று எழுத என்னால் முடியவில்லை. எழுதினால் அச்சை உடைத்துவிடுவார்கள். சரி என்று எழுதவும் மனம் வரவில்லை. முன்பின் தெரியாத முந்நூறு பேர் வீட்டில் அம்மா கூப்பிடுவாள், நம் வீட்டில் மட்டும் யாரும் இல்லை. முள்ளில் கோளாறு என்று பொய் சொல்லி, வெள்ளிக்கிழமைவரை தவணை வாங்கியிருக்கிறேன். மாதிரித் தட்டு என் பைக்குள் வீட்டுக்கு வந்துவிட்டது. நானும் திருடியாகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள், அம்மா குரலை நீ ஒளித்துவைத்திருக்கிற அந்த ஒலிநாடாவை எடுத்துக்கொண்டு வா. தபாலில் அனுப்பாதே, நீ வா. அதற்குப் பிறகு எந்தத் தாளில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இதை எழுதும்போதும் தட்டு சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நிறுத்த மனம் வரவில்லை. அவள் இன்னும் உன்னைத்தான் கூப்பிடுகிறாள், அண்ணா.

உன் தங்கை