ஐந்தாவது பாட்டில்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் தபால்.

நீ விட்டுவிட்டுப் போன மணி பிளான்ட் ஜன்னலைத் தாண்டி, அலமாரியைச் சுற்றிக்கொண்டு, தொட்டில் வரைக்கும் வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் பாப்பா ஒரு இலையைக் கடித்துவிட்டாள். வாயெல்லாம் சிவந்து ஒரே அழுகை. பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நான் இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

வேரோடு பிடுங்கிப் போடு என்கிறார் இவர். உன் செடியை எப்படிப் போடுவேன்? இதைக் குட்டையாக்கி உயரத்தில் தொங்கவிடலாம், வெட்டுவதைப் புதிதாக வளர்க்கலாம் என்று நினைத்தேன். முதலில் சில இலைகளைக் கிள்ளி எட்டு பாட்டில் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். வாடவும் இல்லை, வளரவும் இல்லை. என்ன தப்பு செய்தேன்? என்மேல் கோபம் இருந்தாலும் செடிக்காகவாவது எழுது.

உன் தங்கை

மார்ச் 12

இலையை மட்டும் கிள்ளினால் ஆகாது. தண்டில் இலை புறப்படும் இடத்தில் முடிச்சு மாதிரி இருக்கும், அதுதான் கணு. அதற்கு ஒரு விரல் கீழே வெட்டு. கணு தண்ணீருக்குள் இருக்கட்டும், இலை வெளியே. கணு இல்லாதது பச்சையாகவே இருக்கும், எத்தனை நாளானாலும் செடியாகாது.

பாப்பாவுக்கு வாய் சரியாகிவிட்டதா?

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

சரியாகிவிட்டது. இப்போது செருப்பைக் கடிக்கிறாள்.

அந்த ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் செடியைப் பற்றித்தான் எழுதியிருந்தாய், ஆனாலும் நாலு தடவை படித்துவிட்டேன்.

பிரசவத்துக்குத் துணையாக வந்த உன்னைப் பார்த்து, பாப்பாவைக் குளிப்பாட்டும் தண்ணீர் சூடு என்று கத்தி, "பெத்தாத்தானே தெரியும்" என்றேன். மறுநாளே நீ பெட்டியைக் கட்டிவிட்டாய். பத்து மாதமாகிறது. பெற்றவளுக்குக் கணு எது, காம்பு எது என்று தெரியவில்லை, பார். அன்றைக்குத் தண்ணீர் சரியான சூட்டில்தான் இருந்தது அக்கா. எனக்குத்தான் பயம்.

தாய்ச்செடி இப்போது பாப்பாவின் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிறது. நீ சொன்னபடி கணுவோடு வெட்டி எட்டு பாட்டிலிலும் மாற்றி வைத்தேன். நேற்று ஐந்தாவது பாட்டிலில் அரிசி நீளத்துக்கு ஒரு வேர். அது உன்னுடையது. தபாலில் அனுப்ப முடியாது, நீதான் வந்து எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

எந்த வாரம் வருகிறாய்? சீக்கிரம் பதில் போடு.

நீ கூப்பிடுவாயே, அந்தச் சுண்டெலி