வேலாயிக்கு எத்தனை வரி

ஆடி 6, புதன்
காற்றோ காற்று. கொடியில் ஒரு துணி நிற்கவில்லை. கணக்கு எழுதியாயிற்று: எண்ணெய், புளி, பூ, கோயில் உண்டியல். சரி.

போட்டிக் கதை முடிந்தது, முருகன் புண்ணியத்தில்! கம்பத்திலிருந்து தினம் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் வேலாயி, ஒரு சாயங்காலம் குடிகாரப் புருஷனிடம் திரும்பாமல் மலையிலேயே தங்கிவிடுகிறாள். பத்திரிகைக்காரர்கள் கேட்டது நாலு பக்கம். என்னுடையது பதினொன்று. சேலைக் கரை, ஜீப்பின் நிறம், திராட்சைப் பந்தல், மலைமேல் மேகம், எதையும் விடவில்லை.

நாத்தனார் மல்லிகாவும் தோட்ட வேலைக்குப் போகிறவள்தான். வாசித்துக் காட்டினேன். கொட்டாவி.

"என்னத்த மதினி எழுதிருக்கீக? கதையா, பலசரக்குச் சிட்டையா? அவ வந்தாளா இல்லையா, அதச் சொல்லுங்க."

கோபம். சனிக்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும்.

ஆடி 7, வியாழன்
எல்லாவற்றையும் அடித்தேன். மிச்சம் ஒன்றரைப் பக்கம். முடிவு: ஜீப் வந்தது. வேலாயி வரவில்லை. இனி வரமாட்டாள்.

மல்.: "இதென்ன, வாட்ஸப்புல வந்த சேதி மாதிரி? எனக்கு ஒண்ணுமே ஆகல மதினி."

இவளுக்கு எதுதான் பிடிக்கும்! ஆனால் சொன்னது சரி. யோசனையில் இட்லி மாவு பொங்கி வழிந்து, மேடையெல்லாம்.

ஆடி 8, வெள்ளி
அம்மனுக்குச் சந்தனக்காப்பு. நல்ல கூட்டம். பட்டில்லை, மாலையில்லை. மேனி முழுக்கச் சந்தனம். கண்மலர், மூக்குத்தி மட்டும். பின்னால் ஒரு அம்மா, "ஆத்தா என்னையவே பாக்குறா" என்று விசும்பல். எனக்குச் சிலிர்த்துவிட்டது. போன வாரம் நகையும் பூவுமாய் அத்தனை அலங்காரம். முகமே சரியாகத் தெரியவில்லை.

வேலாயிக்கும் ஒரு மூக்குத்தி போதும். எது?

குங்குமம் வாங்க மறந்து வீட்டுக்கு ஓட்டம்.

சாயங்காலம். கழுவுதொட்டியில் மல்லிகாவின் தூக்குவாளி. குழம்பு காய்ந்து ஒட்டிக்கிடக்கிறது. மலையிலிருந்து யாரும் கழுவிக்கொண்டு வருவதில்லை, வீட்டுக்கு வந்துதான். தேய்த்துக்கொண்டே இருந்தேன்... கிடைத்துவிட்டது! முருகா! ஈரக் கையோடு எழுதினேன். தாளெல்லாம் நனைந்தது.

ஆடி 9, சனி
காற்று அடங்கவில்லை. மூன்றே முக்கால் பக்கம்! மல்லிகா ஜீப்புக்குக் கிளம்பும் அவசரம். கடைசிப் பத்தியை மட்டும் வாசித்தேன். எல்லாரும் இறங்கினார்கள். டிரைவர், வேலாயியின் தூக்குவாளியை அவள் புருஷனிடம் நீட்டினார். கழுவித் துடைத்திருந்தது.

மல்லிகா செருப்பை மாட்டாமல் நின்றாள்.

"கழுவியா குடுத்து விட்டா?"

தலையாட்டினேன்.

"அப்ப அவ இனி வரமாட்டா மதினி."

தெருமுனையில் ஜீப் ஹாரன். இவள் அசையவில்லை.

அதே வரி தாளிலும் இருந்தது, கடைசியாக. அடித்துவிட்டேன்.